‘அரவ’ என்றால் வசவா, ஊர்ப்பெயரா?

[காட்சி: நகரி பஸ் ஸ்டாண்ட், பேச்சுச் சத்தம்]

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு, தடா பக்கம் ஒரு கடையில் நின்று தமிழில் பேசிப் பாருங்கள். ‘அரவம் மாட்லாடுதுன்னாரு’ என்று யாராவது சொல்வது காதில் விழும். தமிழ் பேசுகிறார்கள் என்பதுதான் அர்த்தம். தெலுங்கில் ‘அரவம்’ என்றால் தமிழ். ‘அரவவாள்ளு’ என்றால் தமிழர்கள். கன்னடத்திலும் ‘அரவ’ உண்டு. எல்லையில் சிலர் இதைச் சர்வசாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், சிலருக்குச் சுருக்கென்று தைக்கிறது.

தைப்பதற்குக் காரணம் பாதி நம் காதிலேயே இருக்கிறது. தமிழில் அரவம் என்றால் பாம்பு; ‘காலடி அரவம்’ என்கிறபோது சத்தம். தெலுங்குக்காரர் காதிலும் ஒரு வேலை நடக்கிறது. அங்கே ‘அரச்சு’ என்றால் கத்து. ‘அரவகு’ என்றால் கத்தாதே. அதனால் ‘அரவவாள்ளு அரவகண்டி’ (தமிழர்களே, கத்தாதீர்கள்) மாதிரி ஒரு கேலி கட்ட யாருக்கும் நேரமே ஆகாது.

[திரையில்: அரவ = கத்துகிறவர்?]

இனி, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லப்படும் விளக்கங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம். கத்துகிறவர் என்பதால் அரவர் ஆனார்கள் என்பது ஊரெல்லாம் சொல்லும் கதை. தெலுங்கு இலக்கணத்தில் வைத்தால் நிற்காது. கத்துகிற மொழி என்று சொல்ல ‘அரிச்சே பாஷ’ என்று வர வேண்டும். ‘அரவ’ என்கிற வடிவம் வினையில் ‘கத்த’ என்ற எச்சமாகத்தான் வரும். அதைக் கொண்டுபோய் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்ட முடியாது. தமிழில் ‘கத்த மொழி’ என்று சொல்வோமா? அதே கோளாறுதான். ‘அரவ பாஷ’ சரியாக அமைவதற்குக் காரணம் வேறு: ‘அரவமு’ என்ற பெயர்ச்சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது ‘மு’ உதிர்ந்து ‘அரவ’ ஆகிறது. ஆக, இது முதலிலிருந்தே பெயர்ச்சொல், வினை அல்ல.

அடுத்தது பண்டிதர் விளக்கம். வடமொழியில் ‘ரவம்’ ஒலி, முன்னால் ‘அ’ போட்டால் ஒலி இல்லாதது. தமிழில் க, ச, ட, த, ப வர்க்கங்களின் மூச்சொலிகள் (‘kha’, ‘gha’ போல மூச்சோடு வருபவை) இல்லை, அதனால் ‘அ-ரவம்’ என்றார்களாம். கெட்டிக்காரத்தனமான கட்டுமானம். ஆனால் சந்தையில் மாடு பேரம் பேசுகிறவர் பக்கத்து ஊர்க்காரருக்கு வடமொழிச் சந்தி பிரித்துப் பெயர் வைத்தார் என்பதை நம்புவது கஷ்டம்.

பாம்பு விளக்கம், அதாவது தமிழர் நாகர் வழி என்பது, இன்னும் சுலபமாக விழும். அரவு என்பது தமிழ்ச்சொல். தெலுங்கில் பாம்புக்குப் பேச்சுவழக்குச் சொல் ‘பாமு’. பெயர் வைத்தவர்கள் தெலுங்கர்கள். ‘அறம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அறவழி நிற்போர் என்று சொல்பவர்களும் உண்டு. அண்டை வீட்டார் நமக்கு அவ்வளவு பெரிய பட்டம் தருவார்களா என்ன!

[திரையில்: வரைபடம். தென்பெண்ணையாறு முதல் வடபெண்ணையாறு வரை கடற்கரை]

மிஞ்சுவது ஊர்ப்பெயர். எனக்குப் பலமாகத் தெரிவது இதுதான். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் ‘தொல் அருவாளர் தொழில் கேட்ப’ என்று வருகிறது. பழைய உரைகள் சொல்லும் பன்னிரு கொடுந்தமிழ் (வட்டாரத் தமிழ்) நாடுகளில் அருவாநாடு ஒன்று, அருவா வடதலை நாடு இன்னொன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி இதே கடற்கரையில் ‘அரூவர்னோய்’ என்ற மக்களைக் குறிக்கிறார். தெலுங்கு நிலத்திலிருந்து தெற்கே இறங்கினால் முதலில் வரும் தமிழர் இந்த அருவா நாட்டார். வாசலுக்கு எதிரே இருப்பவர் பெயரையே மொத்தக் கூட்டத்துக்கும் வைப்பது உலக வழக்கம். கேரளத்தில் என்ன நடந்தது? மலைக்குக் கிழக்கே இருந்தது பாண்டிநாடு, அதனால் தமிழர் எல்லாரும் ‘பாண்டி’, லாரியும் ‘பாண்டி லோரி’. அருவா எப்படி அரவ ஆனது, நடு உகரம் எங்கே போனது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என்றாலும் நடு உயிர் மாறுவது தெலுங்கில் புதுமையல்ல. மற்ற விளக்கங்களில் இருப்பதைவிட இதில் ஓட்டை சிறியது.

அப்படியானால் வசவு எங்கிருந்து வந்தது? ஒட்டும் விகுதியிலிருந்து. ‘அரவாயன’ என்றால் தமிழ்க்காரர், மரியாதை. ‘அரவவாடு’ என்றால் தமிழன். ‘அரவோடு’ என்று சுருங்கி, குரலும் இறங்கினால் அது ஏச்சு. எல்லைச் சண்டையும் சேர்ந்துகொண்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நம்முடையதே) என்று அங்கே முழக்கம், இங்கே ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். 1960 ஏப்ரல் 1-இல்தான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் பழைய சொற்களைக் கூர் தீட்டின.

நம் பக்கம் மட்டும் சும்மா இருந்ததா? வடக்கே இருப்பவர் ‘வடுகர்’, இதுவும் திசையை வைத்து வந்த பெயர்தான். தெலுங்கரைச் சொல்லும் ‘கொல்டி’ அப்படியல்ல, அது கேலிக்கென்றே புழங்குகிறது. தெலுங்கு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் வரும் என்கிறார்கள். திருப்பினால் ‘உகுலெட்’ என்றுதான் வரும். முன்னால் ஓர் எழுத்தை வெட்டி, நடுவில் ஒன்றை விழுங்கினால்தான் ‘குல்ட்’ கிடைக்கும். கல்லூரிப் பேச்சில் ஓடும் ‘குல்ட்டி’க்கு அது பொருந்தலாம். ‘கொ’ எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

[திரையில்: அரவ சாக்கிரி]

வசன மொழிபெயர்ப்போ டப்பிங்கோ செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தெலுங்கில் ‘அரவ சாக்கிரி’ என்றால் கூலியும் நன்றியும் இல்லாமல் மாடாய் உழைப்பது. இதைத் ‘தமிழ் வேலை’ என்று போட்டால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘வெட்டிச் சாக்கிரி’ என்று போட்டால் பொருள் சரி, குத்தல் காணாமல் போகும். பேசுகிற பாத்திரம் எதிரே நிற்கும் தமிழரைக் குத்துவதற்காகச் சொன்னால் குத்தலைக் காட்டியே ஆக வேண்டும். தன் முதலாளியைப் பற்றிப் புலம்புகிற சித்தூர்க்காரர் சொன்னால் ‘வெட்டிச் சாக்கிரி’ போதும். அந்த நேரம் அவர் மனதில் தமிழரே கிடையாது.