ஓநீலின் பெருமை மேடையாலா, சங்கத்தாலா? சங்கத்தாலேதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின நடிகர் ஃபிரெடரிக் ஓநீல் பெருமை பெற்றது மேடையால் என்கிறது எதிரணி. நாடக நடிகர்களின் தொழிற்சங்கத்தால் என்கிறோம் நாங்கள்.

எதிரணி நண்பர் 'அன்னா லுகாஸ்டா' நாடகத்தைத் தூக்கிப் பிடித்தார். போலந்துக் குடும்பக் கதையைக் கறுப்பினக் குடும்பத்துக்கு மாற்றி, 1944இல், நியூயார்க்கில் கறுப்பர் வாழும் ஹார்லெம் பகுதியின் நூலக நிலவறையில் அரங்கேற்றினார்கள். அதே ஆண்டு, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய் 957 காட்சிகள் ஓடியது. ஓநீலுக்கு விருதும் கிடைத்தது. எல்லாம் உண்மை, நானும் கை தட்டுகிறேன். ஆனால், நண்பரே, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே!

அந்த நாடகத்தை உருவாக்கியது, 1940இல் ஓநீலும் ஆப்ராம் ஹில்லும் தொடங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர். செலவையும் வரவையும் பங்கிட்டுக்கொண்ட குழு அது. வெளியே போய்ச் சம்பாதிப்பவர்கூட 2 சதவீதத்தைக் குழுவுக்குத் தர வேண்டும். பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களான சிட்னி பாய்ட்டியரும் ஹாரி பெலஃபான்டேயும் ரூபி டீயும் நடிப்புப் பழகிய இடம். பிராட்வேயில் காசு கொட்டியபோது அந்தக் குழுவுக்கு வந்ததோ சொற்பப் பங்கு! நடிகர்கள் ஒவ்வொருவராக வெளியேற, சில ஆண்டுகளில் குழு நொடித்துப்போனது. 957 முறை எழுந்த கைதட்டலால் ஒரு குழுவைக் காப்பாற்ற முடியவில்லை ஐயா. பேரம் பேசும் பலம் இல்லாத கலைஞனுக்குக் கைதட்டல் சோறு போடாது.

இன்னொரு அரங்கைப் பாருங்கள். தலைநகர் வாஷிங்டனில் நேஷனல் தியேட்டர். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பர் மேடையேறி நடிக்கலாம். காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்கக் கூடாது! எவ்வளவு பெரிய நடிகனாலும் அந்த நாற்காலியைத் தன் மக்களுக்கு வாங்கித் தர முடியவில்லை. நாடக நடிகர்களின் தொழிற்சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1947இல் 'இங்கே நடிக்க மாட்டோம்' என்றது. உரிமையாளர் இறங்கி வரவில்லை, 1948இல் அரங்கைச் சினிமாக் கொட்டகையாக்கினார். சங்கமும் இறங்கி வரவில்லை. 1952இல் நாடகம் திரும்பியபோது எல்லாருக்கும் இருக்கை கிடைத்தது.

அந்தச் சங்கம்தான், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த சங்கம்தான், 1964இல் ஓநீலைத் தலைவராக்கியது. 1913இல் தொடங்கியதிலிருந்து அதற்குக் கறுப்பினத் தலைவரே இருந்ததில்லை. ஒப்புக்கு உட்கார வைத்த நாற்காலியா அது? 1973 வரை அவர்தான் தலைவர்! 1968 ஜூனில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து பிராட்வே மூன்று நாள் மூடிக் கிடந்ததே, அப்போதும் அவர்தான் தலைவர்.

'நடிகராக இல்லாவிட்டால் தலைவராகியிருப்பாரா?' என்று எதிரணி கேட்கும். பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1927இல், பிராட்வே அவர் பெயரையே கேள்விப்படாத காலத்தில், செயின்ட் லூயிஸ் நகரில் இளைஞன் ஓநீல் செய்த வேலை என்ன? தனக்கு ஒரு வேடம் தேடி அலைந்தாரா? ஆட்களைத் திரட்டி 'ஆல்ட்ரிட்ஜ் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைக் கட்டினார். புகழ் வந்தபின் தலைவரானவர் அல்லர் அவர், புகழ் வருமுன்பே ஆள் சேர்த்தவர். இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே, அதன்பின் தீர்ப்பை வழங்குங்கள்.