105ஆவது ஆட்டத்தில் அறுந்த தசைநார்: 2025இன் விளையாட்டுகள் பற்றி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். குத்துச்சண்டை, கூடைப்பந்து, கால்பந்து ஆகிய மூன்றையும் ஒரே காணொளியில் பேசப்போகிறேன் என்றதும் மூன்றையும் தொட்டுக்காட்டிவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2025ஆம் ஆண்டில் இந்த மூன்றையும் பார்த்த பிறகு எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். போட்டிகளுக்கு நாள் குறிக்கிறவர்கள் எல்லாக் கணக்கையும் போடுகிறார்கள். வீரனுடைய உடம்பு தேறுவதற்கு ஆகும் நாட்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸின் அலிஜியன்ட் அரங்கில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், குத்துச்சண்டையில் டெரன்ஸ் கிராஃபோர்ட் கனேலோ அல்வாரெஸை வென்றார். அதற்கு முன் 154 பவுண்டு எடைப் பிரிவில் ஆடியவர், இரண்டு படி ஏறி 168 பவுண்டில், 37 வயதில், அந்தப் பிரிவின் முடிசூடிய மன்னனைத் தோற்கடித்தார். நடுவர்கள் 116-112, 115-113, 115-113 என்று கொடுத்தார்கள். முதல் கணக்குத்தான் சரி என்பது என் கட்சி. ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மூத்தவர் தளர்ந்து கயிற்றோரம் ஒதுங்கியிருக்க வேண்டிய நேரத்தில், கிராஃபோர்ட் எதிராளியின் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்று குத்துக்குக் குத்து கொடுத்தார். மூன்று வயது இளையவரான கனேலோதான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

2021 முதல் கிராஃபோர்ட் ஆண்டுக்கு ஒரு சண்டைதான் போட்டார். போர்ட்டர், அவனேசியன், ஸ்பென்ஸ், மத்ரிமோவ், கனேலோ என்று ஐந்து ஆண்டுக்கு ஐந்து பேர். இதற்காக அவரைக் கேலி செய்த ரசிகர்கள் உண்டு. கனேலோவோ அதே ஆண்டு மே மாதம் ரியாத்தில் வில்லியம் ஸ்கல்லுடன் பன்னிரண்டு சுற்று ஆடிவிட்டு வந்தவர். அந்தச் சண்டையில் இருவரும் சேர்ந்து வீசியதே 445 குத்துகள்தான் என்பதால் அது அவரைப் பெரிதாகக் களைப்படையச் செய்திருக்காது என்று நீங்கள் வாதிடலாம். தூங்காமல் பார்த்து முடித்தவன் என்ற முறையில் அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சண்டைக்கான பயிற்சி முகாம் என்பதே பல வாரம் உடம்பை அடித்துப் பிழிகிற வேலை. கிராஃபோர்டின் இடைவெளிகளுக்கு ஒப்பந்தத் தகராறுகளும் ஒரு காரணம் என்பது உண்மைதான். காரணம் எதுவாக இருந்தாலும், 42 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல், டிசம்பரில் தாமாகவே விடைபெறும் அளவுக்கு அந்த உடம்பு அவருக்கு மிச்சமிருந்தது.

இப்போது கூடைப்பந்துக்கு வருகிறேன். ஜூன் 22 அன்று, நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஓக்லஹோமா சிட்டியில் நடந்தது. அக்டோபரில் தொடங்கிய பருவத்தில் இண்டியானா பேசர்ஸ் அணிக்கு அது 105ஆவது ஆட்டம். அந்த அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் ஆறு நாட்களுக்கு முன்பு ஐந்தாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்கால் தசையில் காயம்பட்டவர். அன்று களத்திலிருந்து ஒரு கூடைகூடப் போட முடியாமல் திணறியவர். அப்படிப்பட்டவர் ஏழாவது ஆட்டத்தின் முதல் ஏழு நிமிடத்தில் மூன்று முறை தொலைவிலிருந்து வீசி ஒன்பது புள்ளி எடுத்துவிட்டார். அடுத்து பந்தோடு எதிராளியைத் தாண்ட வலது காலை ஊன்றி உந்தினார், கால் அவருக்கு முன்பே நின்றுவிட்டது. தரையில் விழுந்து உள்ளங்கையால் தரைப் பலகையை ஓங்கி ஓங்கி அடித்தாரே, அந்த ஒரு காட்சிக்கு மறுஒளிபரப்பு தேவையே இல்லை. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநார் அறுந்துபோயிருந்தது; அடுத்த பருவம் முழுவதும் அவருக்கு இல்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது பேசர்ஸ் 48-47 என்று முன்னணியில்தான் இருந்தது. ஓக்லஹோமா 103-91 என்று வென்றதையோ, ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரின் 29 புள்ளிகளையோ நான் குறைத்துப் பேசவில்லை. 68 வெற்றிகளோடு வந்த அணி அது. ஆனால் பருவத்தின் கடைசியில் பட்டத்துக்காக நடக்கும் அதே பிளேஆஃப் சுற்றுகளில், வேறு அணிகளில் ஆடிய டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம் இருவருக்கும் இதே தசைநார் அறுந்தது. மூவருடைய சட்டையிலும் பூஜ்யம்தான் எண் என்று எண்கணிதம் பேசியவர்கள், பிளேஆஃபுக்கு முன்பே ஒரு பருவத்தில் ஆட வேண்டிய 82 ஆட்டங்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். 2019 இறுதித் தொடரில் கெவின் டியூரண்ட் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பி வந்து இதே தசைநாரை இழந்ததை எல்லோரும் பார்த்தோம். ஹாலிபர்ட்டன் தாமே விரும்பித்தான் இறங்கினார், அதற்காக வருந்தவில்லை என்றும் பின்னர் எழுதினார். சாம்பியன் பட்டம் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது எந்த வீரனிடம் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். அதனால்தான் அந்த முடிவை வீரன் தலையில் சுமத்தக்கூடாது என்கிறேன். ஆட்டங்களைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. கொரோனா காலத்து 2020-21 பருவத்தில் 72 ஆட்டங்களே நடந்தன. ஆனால் முந்தைய பருவம் முடிந்து இரண்டரை மாதம்கூட ஆகாமல் அதைத் தொடங்கினார்கள், நட்சத்திர வீரர்கள் வரிசையாகக் காயத்தில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கையைவிட இடைவெளி முக்கியம்.

கால்பந்தில் அந்த இடைவெளியைத்தான் விற்றுவிட்டார்கள். மே 31 அன்று மியூனிக்கில் பாரிஸ் அணி இன்டர் மிலானை 5-0 என்று வீழ்த்தியபோது, பத்தொன்பது வயது டெசிரே டூவே இரண்டு கோல் அடித்து ஒரு கோலுக்கு வழியும் அமைத்துக் கொடுத்தார். ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டங்களில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன் கிடையாது. அதே அணியை ஜூலை 13 அன்று, நியூஜெர்சியின் பகல் வெயிலில், கிளப் உலகக் கோப்பை இறுதியில் செல்சி 3-0 என்று முதல் பாதியிலேயே முடித்துவிட்டது. கடைசியில் ஜோவாவ் நெவெஸ், குக்குரேயாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சிவப்பு அட்டை வாங்கியதுதான் மிச்சம். சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்கு பாரிஸ் அணி மீண்டும் களம் இறங்கியது. பெனால்ட்டியில் வென்றார்கள் என்றாலும், டாட்டன்ஹாமிடம் 85ஆவது நிமிடம் வரை 0-2 என்று பின்தங்கிக் கிடந்த அணியின் கால்களில் கோடை விடுமுறையின் தடமே இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் பிரான்ஸ் அணிக்காக ஆடப்போன இடத்தில் பாரிஸ் அணியின் டெம்பெலேவும் டூவேவும் ஒரே ஆட்டத்தில் காயம்பட்டுத் திரும்பினார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கியபோது டெம்பெலே ஆட முடியாத நிலையில் இருந்தார்.

2026இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் மே 30 அன்று புடாபெஸ்டில் நடக்கிறது. ஜூன் 11 அன்று மெக்சிகோ சிட்டியில் உலகக் கோப்பை தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். கோப்பையை வெல்லும் அணி ஏழுக்குப் பதில் எட்டு ஆட்டம் ஆட வேண்டும். நடுவில் இருப்பது பன்னிரண்டு நாள். புடாபெஸ்டுக்குப் போகக்கூடிய அணிகளிலிருந்து எந்த நாட்டுக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்து வருகிறேன். அடுத்த காணொளியில் அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.