இரண்டாவது சரணம் எங்கே போனது?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியின் அன்பான பேச்சாளர்களே, மாங்கனிக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்கிய பழத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ்ப் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொலைக்காட்சிப் பாட்டு மேடையா, சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இசைக்குழுக்களா என்பது இன்றைய தலைப்பு. நான் இசைக்குழுக்களின் பக்கம். இந்த அணியைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா மூன்று விஷயங்கள் சொன்னார்கள். பழைய பாட்டை இன்றைய பிள்ளைகள் வாயில் வைத்திருப்பதே டிவிதான் என்றார்கள். டிவி இல்லாவிட்டால் கிராமத்துப் பிள்ளைக்கு மேடை ஏது என்று கேட்டார்கள். பேண்ட் என்கிற இந்த இசைக்குழு சென்னையிலும் பெங்களூரிலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று சொல்லி உட்கார்ந்தார்கள். இதில் முதலாவதுதான் என்னை ரொம்பச் சுட்டது. பழைய பாட்டு என்றால் எனக்கு உயிர். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, டிவியில் ஒரு பிள்ளை இளையராஜா பாட்டைப் பாடும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல்லவி வரும். ஒரு சரணம் வரும். மறுபடி பல்லவியைத் தொட்டு முடித்துவிடுவார்கள். இரண்டாவது சரணம் பெரும்பாலும் இருக்காது. அது போனால் அதற்கு முன்னால் வருகிற பிஜிஎம், அதாவது குரல் இல்லாத வாத்திய இசையும் சேர்ந்து போகிறது. ராஜா ரசிகர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். முதல் சரணத்துக்கு முன்னால் ஒன்று, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் முற்றிலும் வேறொன்று என்று எழுதுகிறவர் அவர். முதலாவதில் வயலின்கள் கூட்டமாக எழுந்து வரும். இரண்டாவதில் எல்லாம் அடங்கி ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் நிற்கும், அல்லது சொல்லே இல்லாமல் பெண் குரல்கள் வரும். நாம் எதிர்பார்க்காத இடத்தில் தபேலா உள்ளே நுழையும். அப்புறம் பாடகர் தொடங்கும்போது அதே மெட்டு நமக்கு வேறு மெட்டு மாதிரி கேட்கும். கவிஞரும் சொல்ல வந்ததை அந்தச் சரணத்தில்தான் முடித்து வைத்திருப்பார். இதையெல்லாம் எடுத்துவிட்டு அந்த நேரத்தில் எதைக் காட்டுகிறார்கள்? நடுவர் கண் கலங்குவதைக் காட்டுகிறார்கள். பாடிய பிள்ளையின் அம்மா அழுவதைக் காட்டுகிறார்கள். மேலேயிருந்து காகிதப் பூ கொட்டுவதைக் காட்டுகிறார்கள். பாட்டில் பாதியை எடுத்துவிட்டு, பழைய பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால் என் மனசு ஒப்பவில்லை நடுவர் அவர்களே.

பழைய பாட்டை நம் காதில் ஏற்றியது வானொலி. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒரு பாட்டு வருவதற்கு முன்னால் படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று சொல்லிவிட்டு, பாட்டை முழுசாகப் போடுவார்கள். பக்கத்தில் தருமபுரி பண்பலை 102.5 வந்த பிறகு, மோட்டார் கொட்டகையிலும் தறிக்கூடத்திலும்கூட முழுப்பாட்டு ஓடியது. டிவியிலும் நல்ல காலம் இருந்தது, நான் மறுக்கவில்லை. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு, சரணத்தின் வரியெல்லாம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கான நிகழ்ச்சி. இன்றைக்கு அந்த இடத்தில் போட்டி வந்துவிட்டது. அந்தப் போட்டியில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற மிகப் பெரிய பாராட்டு என்ன தெரியுமா? “அப்படியே ஒரிஜினல் மாதிரியே இருந்தது.”

சரி, அந்த ஒரிஜினல் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இந்த மேடையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1976இல் அன்னக்கிளி வருவதற்கு முன்னால் இளையராஜா என்ன செய்துகொண்டிருந்தார்? சிறு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்து, ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடினார்கள். அன்றைய அரசியலைக் கூலிக்காரருக்குப் புரிகிற சொல்லில் பாடினார்கள். அது என்ன? ஒரு பேண்ட். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயர் வாங்குவதற்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தினார். அதில் கிடாரும் பின்னால் ஆர்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. தாளம் வாசித்தவர் அவருடைய அண்ணன் பாஸ்கர். இன்னொரு கிடார் தம்பி கங்கை அமரன். யோசித்துப் பாருங்கள், ஒரே மேடையில் இத்தனை பேர்! ஏ.ஆர். ரகுமான் 1992இல் ரோஜாவுக்கு இசையமைக்கும் முன்பு ரூட்ஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர், நெமிசிஸ் அவென்யூ என்று சென்னையில் ஒரு ராக் குழுவே தொடங்கியவர். எங்கள் பழைய பாட்டு, எங்கள் பழைய பாட்டு என்று எதிரணி எதையெல்லாம் தூக்கிக் காட்டியதோ, அதைத் தந்தவர்கள் எல்லாம் எங்கள் அணிக்காரர்கள் நடுவர் அவர்களே!

சினிமாவில் வேரூன்றிய பிறகும் இளையராஜாவிடம் அந்தக் குணம் போகவில்லை. 1986. ராஜாவுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் படங்கள். அப்போது எந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஹவ் டு நேம் இட் என்று ஒரு இசைத்தட்டு போட்டார். தியாகராஜருக்கும், ஜெர்மனியின் இசைமேதை ‘பாக்’ (Bach) என்பவருக்கும் சமர்ப்பணம் செய்தார். அதில் கதாநாயகன் இல்லை, டூயட் இல்லை, பாட்டு வரிகளே இல்லை. இன்றைக்கும் கேட்கிறோம்.

அடுத்தது, கிராமத்துப் பிள்ளைக்கு மேடை. இதற்கு அம்மா புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷை உதாரணம் காட்டினார்கள். 2018இல் சூப்பர் சிங்கர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. மனைவி ராஜலட்சுமியும் கூடவே பாடினார். நல்ல உதாரணம், எனக்கும் அந்த வெற்றியில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவர்கள் டிவிக்கு வரும்போதே நாட்டுப்புற மேடைகளில் ஊறியவர்கள். அந்த மேடை கொடுத்த பாட்டும் குரலும் கையில் இருந்ததால்தான் மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரிந்தார்கள். டிவி அவர்களை நாட்டுக்கே காட்டியது. அந்த நன்றியை நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் பாட்டை வளர்த்தது ஊர்த் திருவிழா மேடை.

மாம்பழ ஊரில் இருக்கிறோம், அதனால் இதை இப்படிச் சொல்கிறேன். சந்தூர் பக்கத்து நர்சரியில் ஒட்டுக் கன்று வாங்கி வைத்தால் தாய்மரத்துப் பழம் அப்படியே கிடைக்கும். செந்தூரா என்றால் செந்தூரா, பெங்களூரா என்றால் பெங்களூரா. நமக்குச் சோறு போடுவது அதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டை போட்டு முளைக்கிற மரம் இருக்கிறதே, அதன் பழம் எப்படி இருக்கும் என்று நட்டவனுக்கே தெரியாது. புளிக்கலாம், நார் நாராக இருக்கலாம். எப்போதாவது ஒன்று, இதுவரை யாரும் ருசித்திராத பழமாக வந்து நிற்கும். இன்று ஒட்டுக் கட்டுகிற பேர்பெற்ற ரகங்களில் பலவும் ஒரு காலத்தில் அப்படித் தானாக முளைத்த மரங்கள்தான். சொந்தப் பாட்டுக் கட்டுகிற குழுக்கள் கொட்டை போடுகிறவர்கள். அவர்கள் பாட்டில் சிலது புளிக்கிறது என்று அம்மா சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். போட வேண்டாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படி முளைத்த இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர். பத்தொன்பது பேர் ஒரே மேடையில். கானா பாடுகிறவர், ராப் பாடுகிறவர், பறை அடிக்கிறவர், எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர், எல்லோரும் கோட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்திருந்த கானாவும் பறையும் மேடைக்கு நடுவில் வந்தன. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், சாதியைப் பற்றிப் பாடினார்கள். சாதி நம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றி ஒரு பாட்டு, இளைஞர்கள் ஆடிக்கொண்டே கேட்கிற பாட்டு, எந்த டிவி போட்டியின் எந்தச் சுற்றில் வரும்?

அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்துப் பையன் அறிவு, 2021 மார்ச்சில் ‘தீ’ என்ற பாடகியோடு சேர்ந்து பாடியதுதான் எஞ்சாயி எஞ்சாமி. சந்தோஷ் நாராயணன் தயாரித்த பாட்டு. படம் கிடையாது, நடிகர் கிடையாது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்த வாழ்க்கை பாட்டுக்குள் இருக்கிறது, அந்தப் பாட்டியே காணொளியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். துள்ளலாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு ஒரு இடத்தில் ஒப்பாரியாகத் திரும்பும். நிலத்தைத் திருத்தி, மரம் வைத்து, ஆளாக்கியவர்களுக்கு அந்த நிலத்தில் கையளவும் இல்லாமல் போன துக்கம் அது. நம் ஊரில் ஒரு துக்க வீட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பாடுகிற அதே இழுவை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஒப்பாரியை இயர்போனில் திரும்பத் திரும்பக் கேட்டார்களே, இதைவிடப் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பது என்று எதைச் சொல்வீர்கள்?

பேண்ட் என்றால் பணக்காரப் பிள்ளைகள் என்ற பேச்சுக்கு நம் ஊரே பதில். பம்பைக்காரர்களைப் பாருங்கள். இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம், ஒன்று மரம், இன்னொன்று வெண்கலம். கூட ஒரு உடுக்கை, ஒரு சிலம்பு. அம்மனை அழைக்கும்போது அந்த ஊர்ப் பெயரையும், அந்த வீட்டுக் குறையையும் அங்கேயே சேர்த்துக் கட்டிப் பாடுகிறார்கள். பாரதக் கூத்தில் கட்டியங்காரன் நேற்று நடந்த ஊர்ச் சேதியை விடிய விடியப் பாட்டில் வைக்கிறார். எழுதுவதும் இசைப்பதும் பாடுவதும் அவர்களே. அன்றைக்குத் தகடூர் என்று பெயர் பெற்றிருந்த நம் தருமபுரியில் ஔவை பழைய பாட்டை நன்றாகப் பாடிக் காட்டிப் பரிசு வாங்கவில்லை. கண் முன்னால் நின்ற அதியமானைத் தன் சொல்லில் பாடினாள். மன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்ற மேளத்தில் காற்று மோதினால்கூடப் போர் என்று எழுவான் என்று பாடினாள். அந்த வேகம் இன்னும் இந்த மண்ணின் தோல் கருவிகளில் இருக்கிறது. ஓசூர் தாண்டினால் பெங்களூர். வார நாளில் கணினி வேலை பார்த்துக்கொண்டே கர்நாடக இசையையும் ராக்கையும் கலந்து ‘அகம்’ குழு வளர்ந்தது அங்கேதான். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் கையில் கிடார் இருக்கிறது, அவர்கள் தெருவில் பம்பை இருக்கிறது. இரண்டும் ஒரு மேடையில் இன்னும் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சொந்தப் பாட்டுக் கட்டினால் காசு வராதே என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சாயி எஞ்சாமியிலிருந்தே தங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டுக்கே அந்த நிலை. இது மாற வேண்டும். மாறுவதற்கு வழி, பாட்டுக் கட்டுகிறவனைக் கூப்பிட்டு முன்பணம் கொடுத்து மேடை ஏற்றுவது. அந்தச் சக்தி இங்கே உட்கார்ந்திருக்கிற பலரிடம் இருக்கிறது.

திருவிழாக் கமிட்டிப் பெரியவர்கள் வந்திருப்பீர்கள். ஆடி மாதம் வருகிறது. இன்னிசைக் கச்சேரி வைக்கத்தான் போகிறீர்கள். நாங்களும் துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதி மேடைக்கு அனுப்பத்தான் போகிறோம், எஸ்.பி.பி. பாட்டு வந்தால் எழுந்து நின்று கைதட்டத்தான் போகிறோம். அந்தக் கச்சேரியில் ஒரு மணி நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள். நம் மாவட்டத்துப் பையன்களும் பெண்களும் அவர்களே எழுதிய பாட்டை அவர்களே பாடட்டும், பம்பைக்காரர்களும் அவர்களோடு நிற்கட்டும், அதற்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கொடுங்கள். நடுவர் ஐயா, எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொல்லும்போது இந்தக் கோரிக்கையையும் சேர்த்துக் கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.