சம்பளம் கூட்டியும் ஆள் நிற்கவில்லையா? ஓட்டல் நடத்தும் அண்ணாச்சிக்கு பதில்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: "என்னிடம் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். சப்ளையர் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. சம்பளம் கூட்டினேன், அட்வான்ஸும் கொடுத்தேன், அப்படியும் போய்விடுகிறார்கள். என்ன செய்ய?"

அண்ணாச்சி, முதலில் அந்த அட்வான்ஸை நிறுத்துங்கள். வாங்கினவன் அதற்காக நிற்க மாட்டான். திருப்பிக் கொடுக்க முடியாதவன் ராத்திரியோடு ராத்திரியாகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான், உங்களுக்கு ஆளும் போச்சு, பணமும் போச்சு.

நம் பக்கத்தில் பாதிப் பேர் போவது லீவுப் பிரச்சினையில்தான். நானே பட்டிருக்கிறேன். ஒரு ஆடி மாதம் என் புரோட்டா மாஸ்டர் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. மூன்று நாள் கேட்டார், ஒரு நாள்தான் என்றேன். மனுஷன் போய்விட்டார். மறுநாள் போன் போட்டுக் கத்தினேன், பின்னால் வில்லுப்பாட்டுச் சத்தம் கேட்கிறது, அவர் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் பார்த்தால் வண்ணார்பேட்டையில் வேறொரு கடையில் கல்லுக்கு முன்னால் நிற்கிறார், அதே சம்பளத்துக்கு!

அப்புறம்தான் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டரை மாட்டினேன். ஊரில் கொடைக்கு நாள் குறித்ததும் அவரவர் தேதியை அவரவரே அதில் எழுதிவிட வேண்டும். ஊருக்கு ஊர் வேறு வேறு வாரம் வருவதால் ஆள் மாற்றிச் சமாளிக்கலாம். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் வழியே இல்லை, எல்லோருக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா கோவில் உண்டு, அன்றைக்குக் கடையை மூடிவிட்டு நானும் எங்கள் சாஸ்தாவைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன். வங்காளப் பையன்கள் இருந்தால் துர்கா பூஜைக்கு 15 நாளாவது விடுங்கள், போக வர ரயிலிலேயே நாலு நாள் போய்விடும்.

இன்னொன்று, அவர்கள் தங்கும் ரூம். காலை 6 முதல் 11 வரை வேலை, மறுபடி 4 மணிக்கு மேல் ராத்திரி வரை என்றால் நடுவில் அந்த ஆள் எங்கே முதுகைச் சாய்ப்பான்? என் கடை மாடியில் தகரக் கூரை. ஒரு மே மாத மத்தியானம் சும்மா போய்ப் படுத்துப் பார்த்தேன், பாய் சுடுகிறது, அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. மறுநாளே தகரத்துக்கு மேல் தென்னங்கிடுகு போட்டு, இரண்டு ஃபேன் மாட்டினேன். அதற்கு முன்னால் ஆள் தேடி அலைந்த செலவைவிட அது குறைச்சல்தான்.

உங்களிடம் 14 பேர் என்கிறீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, கட்டியே ஆக வேண்டும், சம்பளம் 21,000 வரை இருக்கிறவர்களுக்கு. நீங்கள் 3.25 சதவீதம், அவர்கள் 0.75. 15,000 சம்பளக்காரருக்கு உங்கள் கையிலிருந்து 488 ரூபாய் போகும். பிடித்தம் என்றதும் முனகுவார்கள், வீட்டில் ஒரு பிரசவமோ ஆபரேஷனோ வந்தால் அந்த அட்டையின் அருமை தெரிந்துவிடும்.

குற்றால சீசனுக்கு ஓடுகிறவர்களைத் தடுக்க முடியாது, விடுங்கள். கணக்கை முடித்துக் கையில் கொடுத்து, சாரல் நின்றதும் வந்துவிடு என்று சொல்லி அனுப்புங்கள். அப்படிப் போன இரண்டு பேரில் ஒருவர் எனக்குத் திரும்பி வந்தார், கூடவே மச்சானையும் கூட்டி வந்தார். மச்சானுக்குத் தோசை நன்றாக வரும் என்றார். வரவில்லை, அது வேறு கதை.