ஸ்க்ரீன் துணி எடுக்கப் போறதுக்கு முன்னாடி

வணக்கம் நேயர்களே. நான் சென்னையில வீடு வீடா போய் ஜன்னல் அளவெடுத்து ஸ்க்ரீன் தச்சு மாட்டிக் கொடுக்கிற வேலை பண்றேன். துணி எடுக்கிறதுல எங்க காசு செலவு பண்ணணும், எங்க வேண்டாம்னு இன்னைக்கு பேசலாம்னு வந்தேன்.

முதல்ல ஒண்ணு, கடைக்குப் போய் துணியை முடிவு பண்ணாதீங்க. கடையில எரியிற வெள்ளை லைட்டுக்கு எல்லா துணியும் நல்லாத்தான் இருக்கும். ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து, இல்லன்னா அரை மீட்டர் காசு கொடுத்தாவது வெட்டிட்டு வந்து, உங்க ஜன்னல்லயே தொங்கவிட்டு மத்தியானம் 3 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட் போட்டு ஒரு தடவை பாருங்க. வெயில் பின்னாடி இருந்து அடிக்கும்போது அந்தக் கலர் வேற கலரா தெரியும், நெசவு எவ்வளவு நெருக்கம்னும் அப்பதான் தெரியும்.

அடுத்து ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு பாருங்க. மேற்கு ஜன்னல்னா சொல்லவே வேண்டாம், சாயங்கால வெயில் நேரா உள்ள வரும். ஆனா வடக்கு ஜன்னலை எல்லாரும் விட்டுடுறாங்க, சென்னையில ஏப்ரல் கடைசி வாரத்துல இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் மத்தியான சூரியன் தலைக்கு வடக்கால தான் போகுது, அதனால கோடையில அந்தப் பக்கமும் சூடு ஏறும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி தை மாசத்துல தான் வெயில் சாஞ்சு உள்ள வரும், அது பாதி பேருக்கு புடிச்ச வெயில், அங்க லேசான காட்டன் போதும்.

பழைய வீடுகள்ல வெட்டிவேர் தட்டி கட்டி தண்ணி தெளிப்பாங்க இல்லையா, அது ஜன்னலுக்கு வெளியில தொங்கும், சூடு உள்ள வர்றதுக்கு முன்னாடியே நின்னுடும். ஸ்க்ரீன் உள்பக்கம் தொங்குது, அதுக்குள்ள வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சு. வந்ததைத் திருப்பி அனுப்பணும்னா கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையா இருக்கணும், அதுக்குத்தான் லைனிங், அதாவது ஸ்க்ரீனுக்குப் பின்னாடி சேர்த்து தைக்கிற இன்னொரு துணி. பின்னாடி வெள்ளை பிளாஸ்டிக் போட்ட நடுத்தர கலர் ஸ்க்ரீன் உள்ள வர்ற வெயில் சூட்டை 33% வரைக்கும் குறைக்கும்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. மீட்டர் 900 ரூபா துணியை லைனிங் இல்லாம தொங்கவிடுறதை விட மீட்டர் 400 ரூபா துணிக்கு நல்ல வெள்ளை லைனிங் கொடுத்து தைக்கிறது எவ்வளவோ மேல், இதை நான் எந்த வீட்டுலயும் அடிச்சு சொல்லுவேன். லைனிங் இருந்தா முன்னாடி துணியும் சீக்கிரம் வெளுக்காது, மடிப்பும் கனமா அழகா விழும், ஃபேன் காத்துக்கு பறக்கவும் பறக்காது.

துணி வகைக்கு வரேன். காட்டன் பார்க்க அழகு, தொட இதம், கரூர் பக்கம் நெய்யிற காட்டன் எல்லாம் ஸ்க்ரீனுக்கு ரொம்ப நல்லா நிக்கும், ஆனா தண்ணி பட்டா சுருங்கும், 100க்கு 3, சில துணி 5 கூட சுருங்கும், 7 அடி ஸ்க்ரீன்னா முதல் வாஷ்லயே 4 இன்ச் வரைக்கும் தூக்கிக்கும். அதனால தைக்கிறதுக்கு முன்னாடி நனைச்சு காயப்போட்டு எடுத்துட்டு வாங்க, டெய்லர் வேண்டாம்னு சொன்னாலும் செய்ங்க. லினன் கசங்கும், அந்தக் கசங்கல் புடிச்சவங்களுக்கு மட்டும் தான் லினன். பட்டு வெயில் தாங்காது, சூரிய ஒளியில இழை நைஞ்சு கிழிய ஆரம்பிச்சுடும், ஆசையா இருந்தா வெயில் படாத ஹால் ஜன்னலுக்கு லைனிங்கோட போடுங்க. பாலியஸ்டர் சுருங்காது, சீக்கிரம் வெளுக்காது, மழைக்காலத்துல லேசா பூஞ்சை பிடிச்சாலும் துவைச்சா போயிடும், கடற்கரை பக்கம் இருக்கிறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன், அங்க ராடு நுழைய ஸ்க்ரீன் மேல அடிக்கிற ஐலெட் வளையமும் இரும்பா இருக்கக்கூடாது, உப்புக்காத்துல துரு பிடிச்சு துணியில கறை இறங்கிடும். சமையல்கட்டுக்கு மட்டும் பாலியஸ்டர் வேண்டாம், நெருப்பு பட்டா உருகி ஒட்டும், அங்க குட்டையா காட்டன், அடுப்புக்கு தள்ளி.

சில்க்னு எழுதி வச்சிருக்கிறது நிஜ சில்க்கான்னு சந்தேகம் வந்தா ஓரத்துல ஒரு இழை உருவி, ஜாக்கிரதையா, தீக்குச்சியில காட்டிப் பாருங்க. முடி கருகுற வாசனை வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, காகிதம் எரியிற வாசனைன்னா காட்டன், உருகி கெட்டியா மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர்.

இனி அளவு, இதுல தான் நிறைய பேர் காசை விடுறாங்க. 5 அடி ஜன்னலுக்கு ராடு ரெண்டு பக்கமும் அரை அடி தள்ளி 6 அடி போடணும், அதாவது 72 இன்ச். மடிப்பு நிறைவா விழணும்னா அதுக்கு இரண்டரை மடங்கு துணி, 180 இன்ச். துணியோட பன்னா, அதாவது அகலம், 48 இன்ச்னா 4 துண்டு வேணும். நீளம் 7 அடின்னா மேல கீழ மடிக்க 10 இன்ச் சேர்த்து ஒரு துண்டு 94 இன்ச், 4 துண்டுக்கு 10 மீட்டர் கிட்ட வரும். அதே துணி 54 இன்ச் பன்னாவுல கிடைச்சா 3 துண்டே போதும், மடிப்பு கொஞ்சம் குறையும், ஆனா 7 மீட்டர் சொச்சத்துல முடிஞ்சுடும். அதனால மீட்டர் என்ன விலைன்னு கேக்கிறதுக்கு முன்னாடி பன்னா என்னன்னு கேளுங்க. பெரிய பூ டிசைன்னா இன்னொரு செலவு இருக்கு, துண்டுக்குத் துண்டு பூ ஒரே உயரத்துல வரணும், டிசைன் 28 இன்ச்சுக்கு ஒரு தடவை திரும்புதுன்னா 94 இன்ச் துண்டுக்கு 112 இன்ச் வெட்டணும், 10 மீட்டர் இருந்த இடத்துல பதினொன்றரை ஆயிடும். பட்ஜெட் இடிக்குதுன்னா பிளெயின் துணி எடுங்க, ஆனா மடிப்பை ஒன்றரை மடங்குக்கு குறைச்சு மிச்சம் பண்ணாதீங்க, இழுத்து மூடினா பெட்ஷீட் கட்டின மாதிரி தட்டையா தொங்கும்.

ராத்திரி ஷிஃப்ட் போறவங்க, கைக்குழந்தை இருக்கிற வீடு, இவங்களுக்கு பெட்ரூம்ல வெளிச்சத்தை மறைக்கிற பிளாக்அவுட் துணி வாங்கித்தான் ஆகணும், அதுல ரெண்டு வகை, பின்னாடி பூச்சு பூசினது ஒண்ணு, நடுவுல கறுப்பு நூல் வச்சு நெய்ததே ஒண்ணு. பூச்சு போட்டது இருட்டு நல்லா கொடுக்கும், ஆனா மெஷின்ல சுடுதண்ணி போட்டு துவைச்சா உரிஞ்சு வரும். அடிக்கடி துவைக்கிற வீடுன்னா நெய்ததையே எடுங்க.

தச்சு முடிஞ்சதும் மிச்சம் விழுந்த துணியை டெய்லர்கிட்ட கேட்டு வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பக்கம் கிழிஞ்சா அதே சாயத்துல திரும்ப கிடைக்காது. நன்றி, வணக்கம்.