ஏட்டுச் சுரைக்காயும் ஏழு தந்தியும்

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி மனத்தைக் குளிர வைத்த பேராசிரியர் அவர்களே, காய்ச்சலோடும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, செயலாளர், பொருளாளர், காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிகள், எல்லோருக்கும் வணக்கம்.

குச்சின் என்ற சீனத்துத் தந்தி இசைக்கருவி பற்றி மூன்று செய்தி சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: அதன் அமைப்பு, அதைக் கற்கும் முறை, அதன் இன்றைய நிலை. அமைப்பைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஏழு தந்தி, பழைய வழக்கில் பட்டு நூலை முறுக்கிச் செய்தவை. வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது, இடம் காட்ட 13 புள்ளிகள் மட்டும். ஓசை மிக மெல்லியது. பக்கத்தில் உட்கார்ந்தால் விரல் தந்தியில் உரசி நகர்வதுகூடக் காதில் விழும்.

இதற்கு எழுத்துமுறை உண்டு. இடது கையில் எந்த விரல், எந்தப் புள்ளியில். வலது கையில் எந்த விரல், எந்தத் தந்தியை, உள்ளேயா வெளியேயா என்று ஒரே கூட்டெழுத்தில் அடக்கிவிடுவார்கள். ஆனால் அந்த ஒலி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அதில் இருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதுதான்.

சீன ஞானி கன்பூசியஸ், ஷி சியாங் என்ற இசைக் குருவிடம் குச்சின் கற்ற கதையைப் பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளாக ஒரே பாடல். "போதுமய்யா, அடுத்ததற்குப் போகலாம்" என்கிறார் குரு. "மெட்டு வந்துவிட்டது, நுணுக்கம் வரவில்லை" என்கிறார் சீடர். சில நாள் போகிறது. "நுணுக்கமும் வந்துவிட்டதே!" "உட்கருத்து பிடிபடவில்லை." இன்னும் சில நாள். "கருத்தும் பிடிபட்டுவிட்டது, வா." "இதை இயற்றியவர் எப்படிப்பட்ட மனிதர் என்று இன்னும் தெரியவில்லையே!" சரி என்று குரு காத்திருக்கிறார். ஒருநாள் கன்பூசியஸ் தொலைவை வெறித்துப் பார்த்தபடி சொல்கிறார்: "தெரிந்துவிட்டது. கரிய நிறம், நெடிய உருவம், நாலு திசையும் ஆளும் பார்வை. வென் அரசரைத் தவிர வேறு யார்?" வென் பழங்காலச் சீன அரசர். குரு பாயை விட்டு எழுந்து சீடரை இருமுறை வணங்குகிறார். "ஆமாம், இது வென் அரசரின் பாடல் என்றுதான் என் ஆசானும் சொன்னார்!"

அந்தக் குரு காத்திருந்தாரே, அதை எந்த ஏட்டில் எழுதுவீர்கள்?

ஜி காங் என்ற சீன அறிஞர், மரண தண்டனைக்கு முன் கொலைக்களத்தில் குவாங்லிங் சான் பாடலை வாசித்துவிட்டு, "இதைக் கற்றுத்தரச் சொல்லி ஒருவன் கேட்டான், நான் கற்றுக்கொடுக்கவில்லை, இன்றோடு போயிற்று" என்று வருந்தினாராம். அந்தப் பெயரில் ஒரு பாடல் 1425-ஆம் ஆண்டுத் தொகுப்பில் எழுத்தாக இருந்தது. 1950-களில் குவான் பிங்ஹு என்ற குச்சின் கலைஞர் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஏட்டுச் சுரைக்காய்தான், ஆனால் ஆசான்களிடம் பழகிய கை அதைக் கறியாக்கியது.

1956-இல் ஜா ஃபூசி என்ற குச்சின் கலைஞரின் குழுவினர் ஊர் ஊராகப் போய் 80-க்கும் மேற்பட்ட கலைஞர்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். 2003-இல் யுனெஸ்கோ குச்சின் கலையைச் சிறப்பித்தது. இன்றைய நிலையை விரிவாகப் பேச நேரமில்லை. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

இரண்டு வருடமாக நான் கேட்டுவரும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. நம் ஊரில் வயதான இசை ஆசிரியர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளோ செல்பேசியைப் பார்த்துப் பாட்டு கற்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய்க்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஆசிரியர் எதிரில் பிள்ளை உட்காரட்டும். பாய் நான் வாங்கித் தருகிறேன். தலைவர் அவர்களே, சாவியை இன்றைக்கே இந்த மேடையில் தந்துவிடுங்கள். பெயர் கொடுக்க நோட்டு வாசலில் இருக்கிறது. வணக்கம்.