தூரத்தில் நின்று பாடிய மூவர்

அவைக்கு வணக்கம். தேவாலய இசை என்றதும் பெரும் பாடகர் குழு ஒன்று கூரை அதிரப் பாடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் மூன்றே மூன்று பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்களைப் பாட வைத்தவர் இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸ். இசைமேதை பாஹ் பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1585இல் ஜெர்மனியில் பிறந்தவர்.

அப்பா சத்திரம் நடத்தினார். அங்கே தங்க வந்த சிற்றரசர் மோரிட்ஸ் பையனின் குரலில் சொக்கிப்போய், அவனைத் தன் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். பிறகு 1609இல் தன் செலவிலேயே வெனிஸுக்கு, இசையமைப்பாளர் ஜியோவன்னி காப்ரியேலியிடம் படிக்க அனுப்பினார். அங்குள்ள புனித மாற்கு பேராலயத்தில் எதிரெதிர் மாடங்களில் ஆர்கன்கள், அதாவது பெரிய குழாய் வாத்தியங்கள். குழுக்களைப் பிரித்து நிறுத்திப் பாட வைப்பார்கள். இங்கே ஒரு கேள்வி, அங்கிருந்து பதில். கட்டடமே ஒரு வாத்தியம்! அந்த வித்தையை ஷூட்ஸ் தான் பணியாற்றிய சாக்சனி அரசின் தலைநகரான டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்தார். 1619இல் அவர் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ என்ற வேதப் பாடல் தொகுப்பில் குழுக்குழுவாகக் குரல்களும் கருவிகளும் முழங்கும்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டுவிட்டது. 1631இல் சாக்சனியும் அதில் இறங்கியது. இசைக் கலைஞர்களுக்குச் சம்பளம் நின்றது, குழு தேய்ந்தது. போர் ஓய்ந்த பின்னும் நிலைமை சீராகவில்லை. ஒரு பாடகர் உடுப்பை அடகு வைத்துவிட்டார் என்று ஷூட்ஸே அரண்மனைக்கு எழுத வேண்டியிருந்தது.

1636இல் அவர் வெளியிட்ட ‘சிறு கச்சேரிகள்’ என்ற பாடல் தொகுப்பில் ஒன்று முதல் ஐந்து குரல் வரைதான், கூடவே ஆர்கன். இல்லாமையால் வந்த சுருக்கம்தான். ஆனால் ஒற்றைக் குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு சொல்லும் நிர்வாணமாக நிற்கும். எனக்கு அந்தப் பழைய முழக்கத்தைவிட இதுதான் பிடிக்கிறது.

அதே 1636, பிப்ரவரி. கேரா நகரில் ஹைன்ரிக் போஸ்துமுஸ் என்ற பிரபுவின் அடக்கம். மனிதர் உயிரோடிருக்கும்போதே தன் சவப்பெட்டியைச் செய்ய வைத்து, அதன்மேல் வேதவசனங்களையும் பொறிக்கச் சொன்னவர். அந்த வசனங்களுக்குத்தான் ஷூட்ஸ் இசையமைத்தார்.

அதன் கடைசிப் பகுதி, பைபிளில் வரும் சிமியோன் என்ற முதியவரின் பாட்டு: ஆண்டவரே, உம் அடியேனைச் சமாதானத்தோடு போகவிடும் என்ற கிழவரின் வேண்டுதல். ஐந்து குரல் கொண்ட குழு அதை ஆர்கன் அருகே நின்று பாடுகிறது. மற்ற மூவர், இரண்டு உச்சக் குரல், ஒரு தாழ்குரல், தொலைவில். அந்த இருவர் தேவதூதர்கள். தாழ்குரல், இறந்தவரின் ஆன்மா. கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று இவர்கள் பாடுகிறார்கள். இந்த மூவர் குழுவைப் போல இன்னும் சிலவற்றைக் கோயிலின் வெவ்வேறு மூலைகளில் நிறுத்தினால் இன்னும் நன்றாயிருக்கும் என்று முன்னுரையில் ஷூட்ஸ் குறிப்பும் எழுதிவைத்தார். வெனிஸ் வித்தைதான். அங்கே ஆடம்பரத்துக்குப் பயன்பட்ட தூரம், இங்கே மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையே உள்ள தூரமாகிவிட்டது.

இப்போது அந்தப் பகுதியை ஒலிக்கச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் அந்தத் தூரம் முழுதாக வராது. கண்ணை மூடிக்கொண்டால் ஓரளவு வரும்.